மிச்சமாவது இயந்திரம் அல்ல, டீசல்

"காற்று வீசினால் வீசும், நின்றால் நிற்கும். அதை நம்பித் தீவுக்குக் கரண்ட் கொடுக்க முடியுமா? ஒரு மெகாவாட் காற்றாலை வைத்தால் அதற்குத் துணையாக ஒரு மெகாவாட் டீசல் ஜெனரேட்டரும் வைத்தாக வேண்டும். ஒரு வேலைக்கு எதற்கு இரண்டு இயந்திரம்?" போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் காற்றாலை என்று பேச்செடுத்தால் வந்து விழும் பதில் இதுதான். மீன்பிடித் துறையில் ஐஸ் பெட்டி ஏற்றுபவரும் சொல்கிறார், கடைக்காரரும் சொல்கிறார், பொறியியல் படித்தவரும் சொல்கிறார். இதற்குமேல் பேச ஒன்றும் இல்லை என்ற தொனியிலேயே சொல்லப்படுகிறது. பேச நிறைய இருக்கிறது. இந்த வாதம் பாதி உண்மையில் தொடங்கித் தவறான முடிவில் போய் நிற்கிறது. அந்தத் தவறுக்கு இந்தத் தீவுகள் ஒவ்வொரு நாளும் எண்ணெயாக விலை கொடுக்கின்றன.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். காற்று மாறிக்கொண்டே இருப்பது, மறுக்க முடியாது. அந்தமானுக்கு மின்சாரம் தர அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. அதையும் மறுக்க முடியாது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கடலடிக் கேபிள் இணையத்தைக் கொண்டுவந்தது. மின்சாரத்தைக் கொண்டுவரும் கேபிள் எதுவும் இல்லை. 2024 செப்டம்பரில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. மின்சாரத்தில் தன் கையே தனக்கு உதவி என்ற நிலை மாறவில்லை. ஆகவே இங்கே காற்றாலை வைத்தால், காற்று நிற்கும் நேரத்துக்கு வேறொரு ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

ஆனால் அந்த ஏற்பாடு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சாத்தம் பவர் ஹவுஸில் இருக்கிறது, ஃபீனிக்ஸ் பேயில் இருக்கிறது, தீவுக்குத் தீவு சிறிதும் பெரிதுமாக ஓடிக்கொண்டிருக்கும் டீசல் நிலையங்களில் இருக்கிறது. வடக்கு அந்தமானில் திக்லிப்பூர் அருகே கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்று உண்டு. கடந்த சில ஆண்டுகளில் சூரியசக்தி கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. மற்றபடி இந்தத் தீவுகளின் விளக்கும் விசிறியும் பெரும்பாலும் டீசலில்தான் ஓடுகின்றன. காற்றாலைக்காகப் புதிதாக வாங்க வேண்டிய துணை என்று பயமுறுத்தப்படும் இயந்திரங்கள் ஏற்கெனவே வாங்கி, அடித்தளம் போட்டு, ஆள் வைத்து, இரவு பகலாக ஓடுகின்றன. காற்றாலை வந்தாலும் வராவிட்டாலும் அவை இங்கே இருக்கத்தான் போகின்றன. இருக்கும் ஒன்றின் விலையைக் காற்றாலையின் கணக்கில் எழுதுவது எந்தக் கணக்குமுறை?

டீசல் இயந்திரத்துக்கு மட்டும் துணை வேண்டாமா? ஒரு செட் ஓவர்ஹாலுக்குப் போகும். இன்னொன்று எதிர்பாராமல் டிரிப் ஆகும். அதனால்தான் உலகில் எந்த மின்துறையும் தேவைக்குச் சரியாக இயந்திரம் வைப்பதில்லை, உபரியாகவே வைக்கிறது. அனல்மின் நிலையத்துக்கும் இதே விதி, அணுமின் நிலையத்துக்கும் இதே விதி. கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் உலை ஒன்று திடீரென்று நின்றால் அந்த நொடியில் வேறு நிலையங்கள்தான் கைகொடுக்கின்றன. அதைச் சுட்டி அணுமின்சாரத்துக்கு இரட்டைச் செலவு என்று யாரும் சொல்வதில்லை. காற்றை மட்டும் பிடித்து நிறுத்திக் கேட்கப்படும் கேள்வி இது.

எதிர்வாதத்தின் அடிப்படைப் பிழை, திறனையும் எரிபொருளையும் ஒன்றாகக் குழப்புவது. ஒரு மெகாவாட் காற்றாலை நிறுவியதால் ஒரு மெகாவாட் டீசல் செட்டைக் கழற்றி விற்றுவிட முடியாது என்பது சரி. அப்படி விற்கலாம் என்று எவராவது வாக்களித்தால் அவரை நம்பக் கூடாது. காற்றாலை மிச்சப்படுத்துவது இயந்திரத்தை அல்ல, அது குடிக்கும் டீசலை. டீசல் மின்சாரத்தில் இயந்திரத்தின் விலை சிறு பங்கு. பெரும் பங்கு எண்ணெயின் விலை. அந்தப் பெரும் பங்கைத்தான் காற்று குறைக்கிறது. நம் ஊரில் மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்காத வீடு குறைவு. மார்ச்சில் மழை பெய்யாது, அப்போது எப்படியும் குழாய்த் தண்ணீருக்கு நிற்க வேண்டும், ஆகவே ஜூலை மழையையும் பிடிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஏற்போமா? காற்றாலைக்கு எதிராகச் சொல்லப்படுவது அதே வாதம்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒரு லிட்டர் டீசலில் நல்ல செட் ஒன்று ஏறக்குறைய நான்கு யூனிட் மின்சாரம் தரும். லிட்டருக்கு எண்பது ரூபாய் என்று வைத்தால் எண்ணெய்ச் செலவு மட்டுமே யூனிட்டுக்கு இருபது ரூபாய். ஆள், உதிரிபாகம், மசகெண்ணெய், கம்பியில் ஏற்படும் இழப்பு எல்லாம் அதற்கு மேல். வீட்டுக்கு வரும் பில்லில் இந்தத் தொகை தெரியாது. வித்தியாசத்தை மத்திய அரசின் வரவுசெலவுத் திட்டம் சுமக்கிறது. கண்ணில் படாத செலவு என்பதால்தான் அதைப் பற்றிய கோபமும் யாருக்கும் வருவதில்லை.

இப்போது ஒரு மெகாவாட் காற்றாலையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடினால் தரக்கூடியதில் 20 சதவீதம்தான் தருகிறது என்று தாராளமில்லாமலே கணக்கிடுவோம். ஆண்டுக்கு 17.5 லட்சம் யூனிட். டீசலில் சொன்னால் ஏறக்குறைய 4.4 லட்சம் லிட்டர். நாற்பது ஆயிரம் லிட்டரைத் தள்ளுபடி செய்துவிட்டாலும் 4 லட்சம் லிட்டர் மிஞ்சும். கப்பலில் வர வேண்டாம், இறக்க வேண்டாம், சிறு தீவுகளுக்கு மறுபடி ஏற்றிச் செல்ல வேண்டாம், கடலில் சிந்தும் அபாயம் இல்லை. இத்தனையும் ஒரே ஒரு மெகாவாட்டில்.

அந்த நாற்பது ஆயிரம் லிட்டர் தள்ளுபடி ஏன்? எதிர்ப்பாளர்கள் கையில் இருக்கும் அடுத்த ஆயுதத்துக்காக. "காற்றாலை ஓடும்போது டீசல் செட் குறைந்த லோடில் ஓடும், குறைந்த லோடில் எண்ணெய் அதிகம் குடிக்கும், மிச்சம் எல்லாம் அதிலேயே போய்விடும்" என்கிறார்கள். குறைந்த லோடில் திறமை குறையும் என்பது உண்மை. ஆனால் பாதி லோடில் ஓடும் செட் முழு லோடின் எண்ணெயைக் குடிப்பதில்லை. பாதிக்குச் சற்று மேல் குடிக்கிறது. அந்தச் 'சற்று மேல்' என்பதைத்தான் கழித்துவிட்டேன். முப்பது, நாற்பது சதவீத லோடுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் சிலிண்டரில் கரி படியும், இயந்திரம் கெடும் என்பதும் உண்மை. அதற்கு வழி எந்தப் பவர் ஹவுஸ் ஆபரேட்டருக்கும் தெரியும்: ஐந்து செட் ஓடும் இடத்தில் இரண்டை நிறுத்திவிட்டு மூன்றை நல்ல லோடில் ஓட்டுவது. இரவில் தேவை குறையும்போது இன்றும் இதைத்தானே செய்கிறார்கள்? பகலில் ஏறி இரவில் இறங்கும் தேவையைத் தினமும் சமாளிக்கும் கைகளுக்கு, ஏறி இறங்கும் காற்றைச் சமாளிக்கவும் தெரியும்.

காற்று சட்டென்று ஓய்ந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. இங்கே துணை என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு தேவைகள் அடைபட்டிருக்கின்றன. நிறுத்திய செட் ஒன்றைத் திரும்ப ஓட்டி லோடு ஏற்றும்வரை சில நிமிடங்களைத் தாங்குவது முதல் தேவை. அதற்கு பேட்டரி போதும். சில மணி நேரமோ சில நாளோ காற்று இல்லாவிட்டால் டீசல் ஓடும். மார்ச், ஏப்ரல் போன்ற அமைதியான மாதங்களில் டீசலும் வெயிலும் சேர்ந்து ஓடும். இந்த மூன்றையும் பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் ராட்சத பேட்டரி வேண்டும் என்று விலை போட்டுக் காட்டுவது, முடியாது என்று சொல்லத் தீர்மானித்துவிட்டுப் போடும் கணக்கு.

முதல் தேவைக்கான விடை நம் கண்முன் இருக்கிறது. நெய்வேலியின் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரியசக்தி நிலையத்தை 8 மெகாவாட் மணி பேட்டரியோடு நிறுவியிருக்கிறது. வகுத்துப் பாருங்கள்: முழுத் திறனில் அந்தப் பேட்டரி 24 நிமிடமே தாங்கும். இரவெல்லாம் விளக்கெரிக்க அதனால் முடியாது. மேகம் மறைக்கும்போது விழும் பள்ளத்தை நிரப்ப முடியும். மேகத்துக்குச் செய்ததைக் காற்றுக்கும் செய்யலாம். தென்மேற்குப் பருவம் மே மாதப் பிற்பகுதியில் அந்தமானைத் தொட்டபின் வானம் மூடிக்கொள்கிறது. சூரியத் தகடுகள் சோர்கின்றன. காற்று வலுப்பதோ அதே மாதங்களில்தான். ஒன்று தளரும்போது மற்றது எழும் இரண்டு மூலங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, டீசலை விட முடியவில்லையே என்று வருந்துவதில் அர்த்தமில்லை.

தமிழர்கள் வாழும் இன்னொரு கடலோரத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துக்கு அருகே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய அரசின் நன்கொடையில் கலப்பு மின் திட்டம் ஒன்றுக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அதில் காற்றாலை 530 கிலோவாட், சூரியசக்தி 1,700 கிலோவாட், பேட்டரி 2,400 கிலோவாட் மணி, மாற்று ஏற்பாடாக டீசல் 2,500 கிலோவாட். காற்றும் வெயிலும் சேர்ந்த திறனைவிட டீசலின் திறன் அதிகம்! "துணைக்கே இவ்வளவு வேண்டுமென்றால் திட்டம் எதற்கு" என்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். திட்டம் வகுத்தவர்களுக்கு இந்த எண் தெரியாததல்ல. தீவில் டீசல் செட் காவலுக்கு நிற்க வேண்டும், ஆனால் நாளெல்லாம் எரிய வேண்டியதில்லை என்பதுதான் அந்த வடிவமைப்பின் சாரம். நெடுந்தீவுக்கு இந்தியப் பணத்தில் சரியென்று பட்டது அந்தமானுக்கு ஏன் தவறாகிறது?

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் எல் ஹியெரோ சின்னஞ்சிறு தீவு. 2014இல் அங்கே 11.5 மெகாவாட் காற்றாலைகளும், மிஞ்சிய மின்சாரத்தில் நீரை மலைக்கு ஏற்றிப் பின் இறக்கும் நிலையமும் தொடங்கப்பட்டன. 2019 கோடையில் தொடர்ந்து மூன்று வாரத்துக்கும் மேல் டீசல் இல்லாமலே தீவு ஓடியது. அதற்காக டீசல் நிலையத்தை இடித்துவிடவில்லை. காற்று ஓய்ந்த நாட்களில் இன்றும் அது ஓடுகிறது. நூறு சதவீதம் எட்டவில்லை என்று அதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. ஒரு தீவு எரிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ பாதி குறைவது தோல்வி என்றால், முழு எண்ணெயையும் எரிக்கும் நம் நிலைக்கு என்ன பெயர்?

"தமிழ்நாட்டைப் பாருங்கள், காற்றாலையால் படாத பாடு படுகிறார்கள்" என்பதும் இங்கே அடிக்கடி கேட்கும் பேச்சு. பார்க்கத்தான் வேண்டும். 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் சில சின்ன இயந்திரங்களோடு தொடங்கியது. முப்பந்தல், கயத்தாறு, உடுமலை, தேனி என்று பரவி இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. 2022 ஜூலையில் ஒரே நாளில் சுமார் 12 கோடி யூனிட் காற்று மின்சாரம் கிடைத்தது. இடையில் சிரமங்கள் வந்தன. உயரழுத்தக் கம்பிகள் போதாமல் வீசிய காற்றை வீணாக்கிய ஆண்டுகள் இருந்தன. 2013 டிசம்பர் கடைசி நாளில் தென்னகத்தின் மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு இணைந்தது. காற்றை முன்கணிக்கும் முறை வந்தது. மிஞ்சிய மின்சாரத்தில் நீரை மேலேற்ற ஆனைமலையில் காடம்பாறை நிலையம் உதவியது. சிரமங்களைக் கண்டு அந்த மாநிலம் காற்றாலையைக் கைவிடவில்லை, சிரமங்களைத் தீர்த்தது. அங்கே இருப்பதுபோல் பெரிய தொகுப்பு நமக்கு இல்லை என்பது நியாயமான பதில். அதனால்தான் பத்தாயிரம் மெகாவாட் யாரும் கேட்கவில்லை. சில பத்து மெகாவாட் தேவையுள்ள தெற்கு அந்தமானில் முதல் அடியாக இரண்டோ மூன்றோ மெகாவாட்டில் தொடங்கலாம். டீசல் செட்டுகளே தாங்கிக்கொள்ளும் அளவு அது.

எதிர்வாதங்களிலேயே வலுவானது வேறொன்று: "முப்பந்தலில் வீசும் காற்று இங்கே கிடையாது." ஆமாம், கிடையாது. ஆரல்வாய்மொழிக் கணவாயும் பாலக்காட்டுக் கணவாயும் காற்றைக் குவித்து அனுப்பும் இயற்கை வாயில்கள். அப்படி ஒன்று நமக்கு அமையவில்லை. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் முப்படியாகக் கூடுவது. நொடிக்கு ஐந்து மீட்டர் காற்றைவிட ஏழு மீட்டர் காற்றில் ஏறத்தாழ 2.7 மடங்கு ஆற்றல் உண்டு. ஆகவே காற்று சற்றே குறைந்தாலும் மின்சாரம் நிறையக் குறையும். இதை மறைத்துவிட்டு அந்தமானில் காற்றாலை வேண்டும் என்று வாதாட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் பலவீனமான காற்று என்பது எதோடு போட்டியிடும்போது பலவீனம்? தமிழ்நாட்டில் காற்றாலையின் எதிரி, நான்கைந்து ரூபாய்க்குக் கிடைக்கும் நிலக்கரி மின்சாரம். இங்கே எதிரி, எண்ணெய்ச் செலவே இருபது ரூபாயாகும் டீசல் மின்சாரம். 2017 பிப்ரவரியில் நாட்டின் முதல் காற்றாலை ஏலத்தில் யூனிட் 3.46 ரூபாய்க்கு முடிவானது. அங்கே 35 சதவீதம் கிடைக்கும் உற்பத்தி இங்கே 20 சதவீதமே கிடைக்கும் என்றால் விலை 6 ரூபாய் ஆகிறது. கப்பலேற்றம், கிரேன், உப்புக்காற்றுப் பராமரிப்பு என்று நிறுவும் செலவு இரட்டித்தால் 12 ரூபாய். மூன்று மடங்கானாலும் 18 ரூபாய்தான். பெருநிலத்தில் கைவிட வேண்டிய காற்று இங்கே கொள்ள வேண்டிய காற்றாகிவிடுகிறது. முப்பந்தலின் அளவுகோலால் அந்தமானை அளப்பதுதான் எதிர்ப்பாளர்கள் செய்யும் தவறு.

புயலும் நிலநடுக்கமும் அடுத்து வரும். 2013 நவம்பரில் லெஹர் புயல் போர்ட் பிளேர் அருகிலேயே கரையைக் கடந்தது. இந்தத் தீவுகள் நிலநடுக்க அபாயம் மிகுந்த ஐந்தாம் மண்டலத்தில் இருக்கின்றன. இவை பெரிய இயந்திரங்களுக்கு எதிரான காரணங்கள். புயல் அறிவிப்பு வந்ததும் கோபுரத்தோடு தரையில் சாய்த்துவிடக்கூடிய சிறு காற்றாலைகள் உலகில் பல ஆண்டுகளாக ஓடுகின்றன. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் கோரல் பே என்ற சிற்றூரில் 275 கிலோவாட் கொண்ட மூன்று சாயும் இயந்திரங்கள் டீசலோடு இணைந்து வேலை செய்தன. அவற்றை நிறுவப் பிரம்மாண்டமான கிரேன் தேவையில்லை. நம் துறைமுகத்துக்கும் மலைப்பாதைக்கும் ஏற்ற அளவு அதுதான். காட்டையும் பழங்குடிக் காப்பகங்களையும் தொடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஏற்கெனவே சாலையும் மின்கம்பியும் போய்ச் சேர்ந்திருக்கும் குன்றுகளுக்குள், பறவைகள் செல்லும் வழியையும் ஆராய்ந்து, இடம் தேட வேண்டும். அப்படி இடம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் காற்றாலை போதும்.

காற்றை ஒதுக்குபவர்கள் முன்வைக்கும் மாற்று என்ன? ஹோப் டவுனில் திரவ இயற்கை எரிவாயுவில் ஓடும் 50 மெகாவாட் நிலையம் என்ற திட்டம். டீசலைவிட அது சுத்தமாக எரியும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த வாயுவும் கப்பலில்தான் வர வேண்டும், உலகச் சந்தை விலைக்குத்தான் வாங்க வேண்டும், ஒரு செட் நின்றால் அதற்கும் மாற்று வேண்டும். கப்பல் தாமதமானால் தீவு தவிக்கும் நிலை எரிபொருளின் பெயரை மாற்றுவதால் மாறாது. வாயு நிலையம் வந்தே தீர்ந்தாலும், சட்டென்று கூட்டிக் குறைக்கக்கூடிய அந்த இயந்திரங்கள் காற்றுக்கு நல்ல கூட்டாளிகள், போட்டியாளர்கள் அல்ல.

இந்தத் துணை விவாதத்தில் எவரும் தொடாத பக்கம் ஒன்று உண்டு. மின்சாரம் குறையும்போது உற்பத்தியைக் கூட்டுவது ஒரு வழி; தேவையைச் சற்றுத் தள்ளிவைப்பது இன்னொரு வழி. மீன் இறங்கும் ஜங்லிகாட் போன்ற இடத்தில் ஐஸ் இல்லாமல் தொழில் இல்லை. ஐஸ் கட்ட வேண்டிய மின்சாரம் இரவு ஒன்பது மணிக்கே வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. காற்று வீசும் நேரத்தில் கட்டி வைத்தால் மறுநாள் விடியலுக்கும் அது ஐஸ்தான். தனிக்காரி அணையிலிருந்து ஊருக்கு நீரேற்றும் பம்புகளும் அப்படியே. தொட்டி நிறைய வேண்டும், எந்த மணிக்கு நிறைந்தது என்பது குடிப்பவருக்கு முக்கியமில்லை. இப்படித் தள்ளிவைக்கக்கூடிய லோடுகளைக் கணக்கெடுத்து, காற்று மிஞ்சும் நேரத்துக்குக் குறைந்த கட்டணம் வைத்தால், பேட்டரிக்குச் செலவிட வேண்டியதில் ஒரு பங்கு மிச்சமாகும். குளிர்பதனக் கிடங்கு நடத்துபவருக்கும் ஐஸ் வாங்கும் மீனவருக்கும் அதில் ஆதாயம் உண்டு.

ஆகவே நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. தெற்கு அந்தமானிலும் நீல் தீவிலும் ஹேவ்லாக்கிலும் காற்றளவுக் கோபுரங்கள் நட்டு, ஓராண்டுக்குக் குறையாமல் அளந்து, அந்த எண்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அளவு தேறும் இடத்தில் இரண்டு மூன்று மெகாவாட்டுக்குச் சாயும் வகைச் சிறு காற்றாலைகளை டீசலோடும் பேட்டரியோடும் இணைத்து நிறுவுங்கள். எத்தனை மெகாவாட் நிறுவினோம் என்ற பெருமைக் கணக்கை விட்டு, மாதாமாதம் எத்தனை லிட்டர் டீசல் குறைந்தது என்ற கணக்கைப் பொதுவில் வையுங்கள். போர்ட் பிளேரின் அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்து வரும் பிள்ளைகளுக்கு இந்த இயந்திரங்களைப் பராமரிக்கப் பயிற்சி கொடுங்கள்; பழுது பார்க்கச் சென்னையிலிருந்து ஆள் வரும்வரை நிற்கும் காற்றாலை எதிர்ப்பாளர்களின் வாதத்தைத்தான் மெய்யாக்கும்.

அளந்து பார்த்து, எந்தக் குன்றிலும் காற்று தேறவில்லை என்று எண்கள் சொன்னால் அந்த முடிவை ஏற்கலாம். அளக்காமலே, துணை வேண்டும் என்ற ஒரு சொல்லைக் காட்டிக் கதவை மூடுவதை ஏற்க முடியாது. காற்றுக்குத் துணை வேண்டும் என்பதை இந்தத் தீவு என்றோ நிறைவேற்றிவிட்டது. துணையையே முழுநேரமும் எரித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்பதுதான் மிஞ்சியிருக்கும் கேள்வி. வேண்டாம் என்பது என் பதில். அதைச் சோதித்துப் பார்க்க ஓராண்டும் சில கோபுரங்களும் போதும்.